சட்டக் கல்லூரியை ஆள்வது யார்? பெங்களூரில் ஆட்சிக்குழுவின் தொழில்பின்னணியைச் சரிபார்க்கும் முறை

விழா அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பத்துப் பெயர்கள் இருக்கும். சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் பெயர் மட்டும் இருக்காது. சட்டக் கல்லூரி பிராஸ்பெக்டஸில் வரும் ‘எங்கள் ஆட்சிக்குழு’ பக்கமும் பல நேரம் அப்படித்தான். ஓய்வுபெற்ற நீதிபதி, மூத்த வழக்கறிஞர், முன்னாள் துணைவேந்தர் என்று பெரிய பெயர்கள் வரிசையாக நிற்கும். கட்டணத்தை உயர்த்தவும், ஆசிரியரை எடுக்கவும் நீக்கவும், தேர்வு முறையை மாற்றவும் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவராக இருப்பார். அந்தக் கை யாருடையது, அவர் என்ன தொழில் செய்து வந்தவர் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பெங்களூரில் பிள்ளையை ஐந்தாண்டு எல்.எல்.பி.யில் சேர்க்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், இங்குள்ள சட்டக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கும் இது பயன்படும். ஒரு கல்லூரிக்கு இணையத்தில் தேட அரை நாள் போதும். அலுவலகம் ஏறி இறங்க ஒரு நாள் ஆகும். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவின் பதிலுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். மே, ஜூனில் சேர்க்கை என்றால் பிப்ரவரியில் தொடங்கினால்தான் கைக்குக் காகிதம் வந்துசேரும்.

கல்லூரி எந்த வகை?

‘லா காலேஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த ஊரில் நான்கு வேறு வகைகள் இருக்கின்றன. வகை தெரியாமல் ஆட்களைத் தேடினால் தவறான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நாகர்பாவியில் இருக்கும் தேசிய சட்டப் பள்ளி, கர்நாடக சட்டமன்றம் 1986இல் இயற்றிய தனிச் சட்டத்தால் உருவானது. வேந்தர் இந்தியத் தலைமை நீதிபதி. பொதுக் குழு, நிர்வாகக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு ஆகியவற்றில் யார் யார் உட்கார வேண்டும் என்பதை அந்தச் சட்டமும் அதன் அட்டவணையுமே சொல்கின்றன. இங்கே முதலில் படிக்க வேண்டியது சட்டப் புத்தகம். இணையதளத்துக்கு அப்புறம் போகலாம். இரண்டாவது வகை, அரசுப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டத் துறை அல்லது கல்லூரி. அதற்கென்று தனி முதலாளி கிடையாது. அதிகாரம் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றக் குழுவான சிண்டிகேட்டிடம் இருக்கும். மூன்றாவது, ஹுப்பள்ளியில் இருக்கும் கர்நாடக மாநிலச் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற தனியார் கல்லூரி. அதன் பின்னால் ஒரு டிரஸ்டோ (அறக்கட்டளை) சொசைட்டியோ (பதிவுபெற்ற சங்கம்) இருக்கும். நான்காவது, நிகர்நிலை அல்லது தனியார் பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் சட்டப் பள்ளி. இங்கே சட்டப் பள்ளியின் டீன் முகமாக இருப்பார், பணமும் நியமனமும் மேலே பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் இருக்கும்.

அதிகம் குழப்பம் வருவது மூன்றாவது வகையில்தான். ஆகவே கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

வகை எதுவானாலும், வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் ஒப்புதல் வேண்டும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஒப்புதல் கடிதத்தில் எந்தக் கல்வியாண்டு வரை என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில், மூன்று ஆண்டுகளுக்குப் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு அனுமதி இல்லை என்று பார் கவுன்சில் அறிவித்தது. ‘ஒப்புதல் வந்துகொண்டே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

எந்தக் குழு எதைத் தீர்மானிக்கும்?

குழுக்களின் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதை 2020 செப்டம்பர் காட்டியது. கோவிட் காரணமாக, தேசிய சட்டப் பள்ளிகளுக்கான பொது நுழைவுத்தேர்வான கிளாட் தள்ளிப்போனபோது, நாகர்பாவி தேசிய சட்டப் பள்ளி நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு என்லாட் என்ற தனி நுழைவுத்தேர்வை நடத்தியது. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணங்களில் ஒன்று, சேர்க்கை முறையை மாற்றக் கல்விக் குழுவின் பரிந்துரை வேண்டும், அது பெறப்படவில்லை என்பது. நிர்வாகக் குழு எவ்வளவு பெரிய ஆட்களால் நிறைந்திருந்தாலும் கல்விக் குழுவின் வேலையை அது செய்துவிட முடியாது என்றாகிவிட்டது.

அதே மாதம் 29ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. கர்நாடகத்தில் படித்த மாணவர்களுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கி மாநில அரசு கொண்டுவந்த திருத்தத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மாநிலச் சட்டத்தால் பிறந்த பள்ளியாக இருந்தாலும், அதன் ஆளுகையில் நீதித்துறைக்கும் பார் கவுன்சிலுக்கும் கிடைத்திருக்கும் இடம் பெரிது, மாநில அரசின் இடம் சிறிது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அந்த வழக்கில் பேசுபொருளானது.

ஆகவே எந்தக் கல்லூரியானாலும் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியே விடை தேடுங்கள். பணத்தை யார் ஒதுக்குகிறார்கள்? ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள்? பாடத்தையும் தேர்வையும் யார் முடிவு செய்கிறார்கள்? இணைவுக் கல்லூரியில் மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் ஹுப்பள்ளிதான். முதல் இரண்டுக்கும் விடை டிரஸ்ட். பிராஸ்பெக்டஸில் ‘ஆலோசனைக் குழு’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். ஆலோசனைக் குழுவுக்கு எதையும் நிறுத்தும் அதிகாரம் கிடையாது. அதில் பெயர் இருக்கும் நீதிபதி ஆண்டு விழாவுக்கு வந்து போயிருப்பார், அவ்வளவுதான்.

பட்டியல் போடும் விதம்

ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ ஏழு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பெயர். குழுவில் வகிக்கும் பொறுப்பு. எந்த வழியில் அந்த இடத்துக்கு வந்தார், அதாவது பதவிவழியா, நியமனமா, தேர்தலா, நிறுவனர் குடும்பமா. அவர் சொல்லும் தொழில். அந்தத் தொழிலைக் கடைசியாகச் செய்த ஆண்டு. அதற்கான சான்று. சான்று பார்த்த தேதி.

மூன்றாவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. சட்டத் துறைச் செயலர் பதவிவழி உறுப்பினர் என்றால், மாற்றல் வந்த அன்றே அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவரது தனிப்பட்ட பின்னணியை ஆராய்வது நேர விரயம். அந்தப் பதவி கூட்டத்துக்கு வருகிறதா, பிரதிநிதியை அனுப்புகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நியமன உறுப்பினர் என்றால், நியமித்தவர் யார் என்பது அவரது பட்டங்களைவிட முக்கியம். நிறுவனர் குடும்பம் என்றால் தொழில் என்னவாக இருந்தாலும் அவர் பதவிக்காலம் முடிந்து போகப்போவதில்லை.

ஐந்தாவது பத்தி, கடைசியாகச் செய்த ஆண்டு. 1998இல் கடைசியாக வகுப்பெடுத்தவரும் ‘கல்வியாளர்’தான், போன வாரம் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் பயிற்சி) நடத்தியவரும் ‘கல்வியாளர்’தான். பட்டியலில் இரண்டும் ஒரே சொல்லாக நிற்கும்.

பெயர்களில் ஒரு தொல்லை உண்டு. நம் இனிஷியல் பழக்கமும் கன்னடக்காரர்களின் ஊர்ப்பெயர் இனிஷியலும் சேர்ந்து ஒரே ஆளை மூன்று பேராகவும், மூன்று பேரை ஒரே ஆளாகவும் காட்டும். சொசைட்டிப் பதிவேட்டில் எஸ். ரமேஷ், கம்பெனிப் பதிவேட்டில் ரமேஷ் சுப்பிரமணியம், நீதிமன்றப் பட்டியலில் ரமேஷ் எஸ். என்று இருக்கலாம். தந்தை பெயர், என்ரோல்மென்ட் எண் (பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிந்த எண்), டின் எண் (கம்பெனி இயக்குநரின் அடையாள எண்) இவற்றில் ஒன்றாவது பொருந்தாமல் ஆள் இவர்தான் என்று எழுதிவிடாதீர்கள். பெயர் ஒற்றுமையை நம்பி ஒருவர்மேல் வழக்கு இருக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், சட்டக் கல்லூரி பற்றிய முதல் பாடத்தை நீங்களே அவதூறு வழக்கில் படிக்க நேரும்.

‘நீதிபதி’ என்று போட்டிருந்தால்

உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்தவர்களுக்குத்தான் ‘ஜஸ்டிஸ்’ என்ற முன்னொட்டு. ‘முன்னாள் நீதிபதி’ என்று மட்டும் இருந்தால் சிவில் நீதிபதியாகவோ மாவட்ட நீதிபதியாகவோ, ஏதாவது தீர்ப்பாயத்தின் உறுப்பினராகவோ இருந்திருக்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் விசாரணை நீதிமன்றத்தில் இருபது ஆண்டு சாட்சி விசாரணை கேட்டவர் சட்ட மாணவர்களுக்கு அதிகம் உதவுவார். ஆனால் எந்த நீதிமன்றம் என்று வெளிப்படையாகப் போடாத கல்லூரி எதையோ ஊதிக் காட்டுகிறது.

உயர் நீதிமன்ற இணையதளங்களில் முன்னாள் நீதிபதிகளின் பட்டியல் பதவியேற்ற தேதி, ஓய்வு தேதியோடு இருக்கும். உயர் நீதிமன்ற ஓய்வு வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. கூடுதல் நீதிபதியாக மட்டும் இருந்து போனவரா, நிரந்தர நீதிபதியா என்பதும் அதில் தெரியும். நிரந்தர நீதிபதியாக இருந்தவர் தாம் இருந்த அதே உயர் நீதிமன்றத்தில் பிறகு வழக்காட முடியாது என்கிறது அரசியலமைப்பின் 220ஆவது பிரிவு. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. ‘கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நிரந்தர நீதிபதி, இப்போது அங்கேயே வழக்கறிஞர்’ என்று ஒரு குறிப்பு இருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

‘வழக்கறிஞர்’ என்று போட்டிருந்தால்

என்ரோல்மென்ட் எண்ணைக் கேளுங்கள். கர்நாடகத்தில் பதிந்தவருக்கு கே.ஏ.ஆர்., பிறகு எண், பிறகு ஆண்டு. தமிழ்நாட்டில் பதிந்தவருக்கு எம்.எஸ். என்று தொடங்கும். கடைசியில் இருக்கும் ஆண்டு, அனுபவத்தின் உச்சவரம்பைச் சொல்லிவிடும். 2014இல் பதிந்தவர் ‘25 ஆண்டு அனுபவம்’ என்று போட முடியாது. ஒரு விதிவிலக்கு: சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பதிவை மாற்றிக்கொண்டவர்களின் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம், மாற்றத்துக்கு முந்தைய பதிவையும் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பெங்களூரில் பழைய கே.ஜி.ஐ.டி. கட்டடத்தில் இருக்கும் மாநில பார் கவுன்சிலில் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம்.

உண்மையில் வழக்கு நடத்துகிறாரா என்று பார்க்க இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரிலோ பதிவு எண்ணிலோ தேடலாம். அது மாவட்ட நீதிமன்றங்களுக்கு. உயர் நீதிமன்றத்துக்குத் தனியாகத் தேட வேண்டும். பெயரில் தேடுவதைவிட எண்ணில் தேடுவது நம்பகமானது. எதுவும் வரவில்லை என்பதால் தொழில் செய்யவில்லை என்று ஆகிவிடாது. கம்பெனி ஆலோசனை, மத்தியஸ்தம், தீர்ப்பாய வேலை செய்பவர்களின் பெயர் அங்கே சிக்காது. மூத்த வழக்கறிஞராக நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவர் வக்காலத்துத் தாக்கல் செய்யக் கூடாது என்பதால், ஊரிலேயே பெரிய வக்கீலின் பெயரைத் தேடினாலும் கொஞ்சம் வழக்குதான் காட்டும். அவருக்குச் சரியான சான்று, நீதிமன்றம் வெளியிடும் அறிவிப்புப் பட்டியல். ‘சீனியர் அட்வகேட்’ என்பது வயதைக் குறிப்பதில்லை. நரைத்த தலைக்கெல்லாம் அந்தப் பட்டம் கிடையாது.

‘சுப்ரீம் கோர்ட் அட்வகேட்’ என்று பெயர்ப்பலகையில் பார்த்தால் மயங்க வேண்டாம். அப்படி ஒரு தனித் தகுதி இல்லை. உச்ச நீதிமன்றம் தேர்வு வைத்துத் தருவது ‘அட்வகேட் ஆன் ரெக்கார்ட்’ என்ற தகுதி ஒன்றுதான். அந்தப் பட்டியல் பொதுவில் இருக்கிறது.

இன்னொரு முரண்பாட்டையும் தேடுங்கள். முழுநேரச் சம்பளம் வாங்குபவர் வழக்காடக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆவது விதி. வழக்காடிக்கொண்டே சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன, ஆனால் ஒரு நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே ‘முழுநேர முதல்வர்’ என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஒருவரின் பெயர் தினமும் காஸ் லிஸ்டில் (நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியல்) வந்தால், கல்லூரி முதல்வரை இரவல் வாங்கி வைத்திருக்கிறது என்று பொருள். சிறிய கல்லூரிகளில் அதிகம் நடப்பது இதுதான். முழுநேர முதல்வர் வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் கேட்கின்றன. தகுதியானவருக்குத் தர வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிக்க, பெயரை மட்டும் ஆய்வுக்குக் காட்டுகிறார்கள்.

‘கல்வியாளர்’ என்று போட்டிருந்தால்

முதல்வருக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை தெளிவாக இருக்கிறது: பிஎச்.டி., கற்பித்தலிலோ ஆய்விலோ 15 ஆண்டு, குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. துணைவேந்தருக்குப் பேராசிரியராகப் பத்து ஆண்டு, அல்லது அதற்கு ஈடான அனுபவம்.

பிஎச்.டி. ஆய்வேட்டை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடுங்கள். பழைய ஆய்வேடுகள் எல்லாம் அதில் ஏறவில்லை, வெளிநாட்டுப் பட்டங்களும் இருக்காது. ஆனால் 2012க்குப் பிறகு ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்தில் வாங்கியதாகச் சொல்லி அங்கே இல்லையென்றால், ஆய்வேட்டுத் தலைப்பு, வழிகாட்டி, பட்டமளித்த ஆண்டு மூன்றையும் கேட்பது நியாயமானது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்து, தலைப்பைச் சொல்லத் தயங்கினால் அது கௌரவ டாக்டராக இருக்கும். ஹோட்டல் ஹாலில் சால்வையோடு கொடுக்கப்படும் ‘சர்வதேசப் பல்கலைக்கழக’ டாக்டர் பட்டங்களை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுஜிசி போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது, அதையும் ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள்.

நல்ல கல்விப் பின்னணி எப்படி இருக்கும் என்பதற்கு நாகர்பாவியிலேயே மாதிரி உண்டு. தேசிய சட்டப் பள்ளியின் நிறுவன இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர், புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், பார் கவுன்சில் டிரஸ்டிலும் பணியாற்றியவர். வகுப்பறை, கல்லூரி அலுவலகம், வழக்கறிஞர் அமைப்பு மூன்றின் உள்ளேயும் இருந்துவிட்டுப் பள்ளியைத் தொடங்கினார். 2019இல் துணைவேந்தரான சுதிர் கிருஷ்ணசுவாமி அதே பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்து, பெங்களூரில் ஓர் ஆய்வு மையத்தை இணைந்து தொடங்கியவர். கற்பித்தார், எழுதினார், ஒன்றை நடத்தியும் பார்த்தார் என்ற மூன்றும் ஒரு குறிப்பில் தேதியோடு இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

மற்றவர்கள்

சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் என்றால் ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும். கல்லூரியின் தணிக்கை அறிக்கையில் 18 இலக்க யூடின் எண் (ஆவணத்தின் தனி அடையாள எண்) இருக்க வேண்டும், அதை சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்களின் அமைப்பான ஐசிஏஐயின் தளத்தில் சரிபார்க்கலாம். கணக்கைத் தணிக்கை செய்பவரே ஆட்சிக்குழு உறுப்பினராகவும் இருந்தால் யார் யாரைக் கேள்வி கேட்பது?

அரசியல்வாதி என்றால் வேலை எளிது. தேர்தலில் நின்றவர் என்றால் வேட்புமனுவோடு தந்த 26ஆம் படிவ உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். தொழில், துணைவரின் தொழில், சொத்து, நிலுவை வழக்கு எல்லாம் அவரே எழுதிக் கையெழுத்திட்டது. இதைவிட நல்ல தொழில்குறிப்பு கிடைக்காது. ‘சமூக சேவகர்’, ‘தொழிலதிபர்’ என்று மட்டும் போட்டிருப்பவர்களுக்கு கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் டின் எண்ணைத் தேடுங்கள். கட்டுமானக் கம்பெனியின் இயக்குநரும் கல்லூரி டிரஸ்டியும் ஒருவரே என்றால், புதிய பிளாக்கைக் கட்டியது யார் என்று அடுத்த கேள்வி தானாக வரும். கல்லூரியின் சொந்த வழக்குகளை நடத்தும் வக்கீல் குழுவிலும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

காகிதம் கிடைக்கும் இடங்கள்

சொசைட்டி என்றால் வழி திறந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 14ஆம் நாளுக்குள் ஆளும் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் மூன்றையும் பதிவாளரிடம் தர வேண்டும் என்றது. டெல்லியில் இன்றும் அந்தச் சட்டம்தான். அங்கே கோப்பைப் பார்வையிட சட்டம் போட்ட கட்டணம் ஒரு ரூபாய். கர்நாடகத்தில் 1960ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அதே வழியில் ஆண்டுப் பட்டியல் கேட்கிறது. கூட்டுறவுத் துறையின் கீழ் வரும் மாவட்டப் பதிவாளரிடம் சொசைட்டியின் பதிவு எண்ணைக் கொடுத்துச் சான்றிட்ட நகல் கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுப் பட்டியலை ஒன்றாக வாங்குங்கள். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் யார் வெளியேறினார் என்று தெரியாது. தலைவர் மட்டும் மாறாமல், வெளியாட்கள் ஆண்டுதோறும் மாறினால் அங்கே யாருக்கும் நிலைத்து உட்கார முடியவில்லை.

டிரஸ்ட் என்றால் சிக்கல். அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். அசையாச் சொத்தோடு எழுதப்பட்டிருந்தால் ஒன்றாம் புத்தகத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். பணத்தை மட்டும் வைத்துத் தொடங்கிய டிரஸ்ட் நான்காம் புத்தகத்தில் ஏறியிருக்கும். அதன் நகல் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். ‘பத்திரம் இல்லை’ என்று கவுன்ட்டரில் சொன்னால், இல்லாமல் இல்லை, உங்களுக்குத் தர முடியாத புத்தகத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு திரும்புங்கள். மும்பையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே அறக்கட்டளைகள் சாரிட்டி கமிஷனரிடம் பதிவாகும். டிரஸ்டிகள் மாறினால் மாற்ற அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும்.

எட்டாம் பிரிவுக் கம்பெனி (லாப நோக்கமற்ற கம்பெனி) என்றால் எல்லாவற்றிலும் எளிது. இயக்குநர் பெயர்கள் அமைச்சகத் தளத்தில் இலவசமாகவே தெரியும்.

நாக் (கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்குப் போன கல்லூரி என்றால் அதன் சுய ஆய்வு அறிக்கையைப் பதிவிறக்கி ஆறாவது அளவுகோலுக்கு நேராகப் போங்கள். நிர்வாகம், தலைமை பற்றி அதில்தான் இருக்கும். குழு அமைப்பு, கூட்டக் குறிப்புகள்கூட இணைப்பில் கிடைப்பதுண்டு. இணையதளத்தில் இருக்கும் பட்டியலும் இதில் இருக்கும் பட்டியலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

ஆர்டிஐ மனு

தனியார் கல்லூரிக்கு நேராக மனுப் போட்டால் ‘நாங்கள் பொது அதிகார அமைப்பு அல்ல’ என்று திரும்பி வரும். இணைவு தந்த பல்கலைக்கழகத்துக்குப் போடுங்கள். தனியார் அமைப்பைப் பற்றி அரசு அமைப்பு வேறொரு சட்டப்படி பெறக்கூடிய தகவலும் தகவல்தான் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு சொல்கிறது. கட்டணம் ₹10. கர்நாடகத்தில் ஒரு மனு ஒரே பொருளைப் பற்றி, 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மகாராஷ்டிரத்திலும் அப்படியே. தமிழில் எழுத முடியாது. கன்னடம், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றில் ஒன்று.

கேட்க வேண்டியவை: இந்தக் கல்லூரி இணைவுப் புதுப்பிப்புக்குத் தந்த ஆளும் குழுப் பட்டியலின் நகல், முதல்வர் நியமனத்துக்குப் பல்கலைக்கழகம் தந்த ஒப்புதல் கடிதம், கடைசி உள்ளூர் ஆய்வுக் குழுவின் அறிக்கை. மூன்று ஆண்டுக்கு என்று காலத்தையும் போடுங்கள். ‘ஏன் இவரை நியமித்தார்கள்?’ என்று கேட்காதீர்கள். கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள், காரணம் கற்பித்து எழுத மாட்டார்கள். வீட்டு முகவரி, தொலைபேசி, மதிப்பெண் பட்டியல் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி முழு மனுவையும் நிராகரிக்கச் சாக்கு கொடுத்ததாகிவிடும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு வக்கீல் தேவையில்லை.

தேசிய சட்டப் பள்ளி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மனுவே தேவைப்படாமல் போகலாம். குழுக்களின் பட்டியலையும், கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) பிரிவு கட்டாயப்படுத்துகிறது. கூட்டக் குறிப்பு கிடைத்தால் அதில் வருகைப் பட்டியலை முதலில் பாருங்கள். நான்கு கூட்டத்தில் நான்கிலும் ‘வர இயலாமையைத் தெரிவித்தார்’ என்று இருக்கும் நீதிபதியின் பெயர் பிராஸ்பெக்டஸின் முதல் வரியில் இருக்கும்.

கலவையைப் படிப்பது

நீதிபதிகள் நிறைந்த குழு ஒழுங்குக்கும் பெயருக்கும் நல்லது. ஆனால் ஆசிரியர் பற்றாக்குறை, நூலகச் சந்தா, விடுதிக் குழாய் ஆகியவை அந்த மேசைக்குத் தாமதமாகத்தான் போகும். வழக்கறிஞர்கள் நிறைந்த குழு இன்டர்ன்ஷிப்புக்குக் கதவு திறக்கும், ஆனால் அவர்களுக்கு நேரமே கிடையாது. அதிகாரிகள் இருந்தால் விதி மீறல் குறையும், முடிவு நகராது. தொழில்முனைவோர் மட்டும் இருந்தால் கட்டடம் வேகமாக எழும், ஆசிரியர் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். பதினொரு பேர் குழுவில், கடந்த ஐந்து ஆண்டுக்குள் வகுப்பறையில் சட்டம் கற்பித்தவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும், நிறுவனர் குடும்பத்தைச் சேராத கணக்கு தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும், விசாரணை நீதிமன்றத்தில் இன்றும் நிற்பவர் ஒருவர் இருக்க வேண்டும். இது எந்த விதியிலும் எழுதப்பட்டதல்ல. ஆனால் இந்த ஐந்து பேரும் இல்லாத குழுவிடமிருந்து நல்ல கல்வி எதிர்பார்ப்பது கடினம்.

பெரிய அமைப்புகளிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் சட்டக் கல்விக் குழுவில் சட்டப்படி பத்துப் பேர். ஐந்து பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஐந்து பேர் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளப்படுபவர்கள். வழக்கறிஞர்கள் மட்டுமே கல்வியை முடிவு செய்துவிடக் கூடாது என்று 1961லேயே பாதியை வெளியாட்களுக்கு விட்டிருக்கிறார்கள்.

குடும்பக் கல்லூரி என்றால் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தலைவர் அப்பா, செயலாளர் அம்மா, பொருளாளர் மருமகன் என்றிருந்தும் நல்ல முதல்வரைப் பிடித்துப் பத்து ஆண்டு அவர் கையில் விட்டுவைத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது முதல்வர்களின் வரிசையை. ஐந்து ஆண்டில் நான்கு முதல்வர் மாறியிருந்தால் ஆளும் குழுவின் பின்னணியை மேலும் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை.

சேர்க்கை நாளில் கல்லூரிக்குப் போகும்போது பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள், ஆனால் மேசைமேல் வைக்காதீர்கள். அலுவலகத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: முதல்வர் இன்று வந்திருக்கிறாரா? கட்டண ரசீதில் கையெழுத்து யாருடையது, அவர் என்ன பொறுப்பில் இருக்கிறார்? பதில் பட்டியலோடு பொருந்துகிறதா என்று வெளியே வந்து சரிபாருங்கள். இணையப் பக்கங்களைப் பார்த்த அன்றே தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்துவைப்பதும் அவசியம். கேள்வி கேட்ட மறுவாரம் அந்தப் பக்கம் மாறியிருக்கும்.